பேய் விளையாட்டில் பயம் வரவைத்த காலடி

நான் யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்த விளையாட்டு ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடு ஒன்றில் நடக்கிறது. விளையாடிய யாருக்கும் பயமே வரவில்லை. வெளிச்சத்தைக் குறைத்தேன், வழி தெரியாமல் சுவரில் முட்டினார்கள். திடீர் அலறல் சேர்த்தேன். அடுத்த சுற்றிலேயே பழகிவிட்டது. பேயின் முகத்தை மாற்றியும் பலனில்லை.

கடைசியில் கைகொடுத்தது காலடிச் சத்தம். ஆட்டக்காரர் மரப்படியில் நின்றபின் இன்னும் ஒரே ஒரு காலடி கேட்கும். தாமதம் 0.4 வினாடி; அதைவிடக் குறைந்தால் எதிரொலி என்று விட்டுவிடுகிறார்கள். எப்போதும் கேட்டாலும் பழகிவிடும், எப்போதாவதுதான் வரவேண்டும். ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று உணரவைக்கும் யூனிட்டி அமைப்பான ஸ்பேஷியல் பிளெண்ட் இயல்பாக 0-இல் இருக்கும், அதாவது திசையே தெரியாது. அதை 1 ஆக்கி, ஒலியை முதுகுக்குப் பின்னால் இரண்டு படி கீழே வையுங்கள். ஹெட்போன் போட்டிருந்த என் தங்கச்சி நிஜமாகவே நாற்காலிக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அப்பாடா என்றிருந்தது. கூரை மழைச்சத்தத்தை அந்த நொடியில் பாதியாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் காலடி காதில் விழாது.