நகருக்குள் லாரிக்குத் தடையா? கோர்ட்டுக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

பகலில் லாரி நுழையக் கூடாது என்று போலீஸ் அறிவித்ததுமே பலரும் அரசியலமைப்பின் 301-வது உறுப்பைத் தூக்கிக்கொண்டு வக்கீலிடம் ஓடுகிறார்கள். வணிகச் சுதந்திரம் பேசும் அந்த உறுப்பு இங்கே கைகொடுக்காது. போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் அதற்கு முரணல்ல என்று 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நெரிசல் உண்டா இல்லையா என்று வாதாடினாலும் நீதிபதிகள் பெரும்பாலும் போலீஸ் சொல்வதையே ஏற்பார்கள். நாம் பிடிக்க வேண்டியது மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 115-வது பிரிவை.

அதன்படி தடை போடும் அதிகாரம் மாநில அரசுக்கோ, அரசு அதிகாரம் அளித்தவருக்கோதான் உண்டு. உத்தரவு அரசிதழில் வெளிவர வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத தடைக்கு மட்டும் உள்ளூர் விளம்பரம் போதும். 116-வது பிரிவுப்படி தடையைக் காட்டும் பலகையும் வைக்க வேண்டும். வெறும் பத்திரிகைச் செய்தியை நம்பி மாதக்கணக்கில் நீளும் 'சோதனை முறை' தடைகள் அடிபடுவது இங்கேதான்.

ஆகவே முதல் வேலை ஆர்.டி.ஐ., அதாவது தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். அரசிதழ் எண்ணும் தேதியும், போலீஸ் கமிஷனருக்கு அதிகாரம் அளித்த அரசாணை, பலகை வைத்த இடங்களின் பட்டியல் ஆகிய மூன்றையும் கேளுங்கள். "தடைக்குக் காரணம் என்ன" என்று கேட்காதீர்கள். ஆவணமாக இல்லாத விளக்கத்தைத் தர மறுத்துவிடுவார்கள்.

பதில் வருவதற்குள் நகரின் ஒவ்வொரு நுழைவிலும் பலகையைப் படம் எடுங்கள், தேதியும் நேரமும் தெரிய. உத்தரவில் காலை 8 முதல் 11 என்றிருக்க, பலகையில் 7 முதல் 12 என்றிருக்கலாம். வேப்பங்கிளை மறைத்து எழுத்தே தெரியாமல் இருக்கலாம். ஓட்டுநர் உட்காரும் உயரத்திலிருந்து எடுத்த படம்தான் பேசும்.

வாகன வகையையும் பாருங்கள். மொத்த எடை 7,500 கிலோ வரை இலகு வாகனம், 12,000 கிலோவுக்கு மேல் கனரகம். கனரகத்துக்கு மட்டும் போட்ட தடையைக் காட்டிச் சின்ன வண்டியை நிறுத்தினால், ஆர்.சி. (பதிவுச் சான்று) நகல் ஒன்றே பதில் சொல்லிவிடும்.

சலான் வந்தால் உடனே கட்டிவிடாதீர்கள். கட்டிய பிறகு அதை எதிர்ப்பது கடினம். எந்தப் பிரிவு என்று பாருங்கள். 115-ஐ மீறியதாக 194(1)-இல் போட்டால் சட்டத்தில் உள்ள அபராதம் 20,000 ரூபாய். பலகையை மதிக்கவில்லை என்று 119, 177-இல் போட்டால் முதல் முறை 500 ரூபாய்தான்.

அடுத்து கமிஷனருக்கு விரிவான மனு, ஒப்புகையுடன். இதைச் செய்யாமல் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால், "முதலில் கமிஷனரிடம் மனு கொடுத்தீர்களா" என்ற கேள்விதான் முதல் நாளே வரும். நகருக்கு வெளியே நின்றே காலாவதியான இ-வே பில் (சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. சீட்டு), ஃபாஸ்டேக் பதிவு, எடைமேடைச் சீட்டு ஆகியவற்றை இணையுங்கள். இரவு நேர அனுமதி, காய்கறி லாரிக்கு விலக்கு, மாற்றுப் பாதை என்று மாற்றுக் கோரிக்கைகளும் அதிலேயே இருக்கட்டும்.

அரசியலமைப்பின் 226-வது உறுப்பின் கீழ் ரிட் போடும்போது சங்கமோ கம்பெனியோ மட்டும் மனுதாரராக நின்றால் போதாது. தொழில் செய்யும் உரிமை தரும் 19(1)(ஜி) குடிமக்களுக்கு மட்டுமே. சொந்த லாரி வைத்திருக்கும் ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். உள்துறைச் செயலரும் கமிஷனரும் எதிர்மனுதாரர்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் ஆணையத்தையும் சேர்க்க வேண்டும்.

"மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்தில் முடிவெடுங்கள்" என்ற உத்தரவோடு வழக்கு முடிவதுதான் அடிக்கடி நடக்கிறது. அதைத் தோல்வியாக நினைத்து விட்டுவிடாதீர்கள். காரணம் சொல்லாமல் ஒற்றை வரியில் மனுவை நிராகரித்தால், அந்த நிராகரிப்பையே எதிர்த்து அடுத்த ரிட் போடலாம்.