மருந்து மெட்டபாலிசப் பிரிவை நடத்துகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

மாநாட்டில் காபி வரிசையில் நிற்கும்போதுதான் அந்தக் கேள்வி வரும். "தேர்தலுக்கு உங்கள் பெயரைப் போட்டுவிடட்டுமா? பெரிய வேலை ஒன்றுமில்லை." நானும் அப்படித் தலையாட்டி மாட்டிக்கொண்டவன்தான். அமெரிக்காவில் ஓர் அறிவியல் சங்கத்தின் மருந்து மெட்டபாலிசப் பிரிவில் முதலில் செயலர், பிறகு தலைவர். நாங்கள் செய்த தவறுகளையும், பக்கத்துப் பிரிவுக்காரர்கள் புலம்பக் கேட்டவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட பிரிவு என்றால் என்னவென்று தெரிய, அமெரிக்க மருந்தியல் சங்கமான ஆஸ்பெட்டைப் பார்க்கலாம். நரம்பு, இதயம், நச்சியல் என்று அதற்குள் பல பிரிவுகள். உறுப்பினர்கள் தங்களுக்கு உரிய பிரிவைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். விழுங்கிய மருந்தைக் குடலும் கல்லீரலும் என்ன செய்கின்றன, எந்த என்சைம் உடைக்கிறது, எவ்வளவு நேரம் ரத்தத்தில் தங்குகிறது என்று பார்ப்பவர்களுக்கு ஒரு பிரிவு. அதற்கு ஒரு தலைவர், அடுத்த தலைவர், போன தலைவர், கணக்கையும் கடிதங்களையும் பார்க்க ஒரு செயலர். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆண்டு மாநாட்டுக்குக் கருத்தரங்குகளை முன்மொழிவது, மாணவர்கள் தங்கள் ஆய்வைப் பெரிய தாளில் விளக்கி ஒட்டும் போஸ்டர்களுக்குப் பரிசு கொடுப்பது, விருதுக்கு ஆள் தேடுவது, இவைதான் வேலை. பணம் தாய்ச்சங்கத்தின் கையில். பிரிவின் கையில் இருப்பது ஆட்களின் ஓய்வு நேரம் மட்டும். அதை வீணடித்தால் அடுத்த ஆண்டு ஒருவரும் வரமாட்டார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கம்பெனி விஞ்ஞானிகளை விருந்தாளிகளாக நடத்துவது. இதற்கு ஒரு பழைய வேர் உண்டு. 1908 டிசம்பர் 28 அன்று ஜான் ஜேக்கப் ஏபெல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வகத்துக்கு மருந்தியலாளர்களை அழைத்து, 18 பேராக ஆஸ்பெட்டைத் தொடங்கினார். மருந்துக் கம்பெனியில் நிரந்தர வேலையில் இருப்பவருக்கு உறுப்பினராக இடமில்லை என்று அப்போதே விதி எழுதிவிட்டார்கள். அந்தக் காலத்து மருந்து வியாபாரத்தைப் பார்த்தால் அவர்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் விதி 1941 வரை நீடித்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல்! இன்றைக்கு மருந்து மெட்டபாலிசம் படித்து வெளியே வருகிற மாணவர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்வது கம்பெனிகளில்தான். விதி போய்விட்டது, வழக்கம் போகவில்லை. நிர்வாகக் குழுவில் பேராசிரியர்கள் நான்கு பேர், ஒப்புக்குக் கம்பெனிக்காரர் ஒருவர். அவரைத் தேடுவதும் மாநாட்டுச் செலவுக்குப் பணம் கேட்கும்போதுதான். இரண்டு ஆண்டு பொறுத்துப் பார்ப்பார், மூன்றாம் ஆண்டு மின்னஞ்சலுக்குப் பதில் வராது.

அவர்களைப் பேச அழைப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எங்கள் அமர்வு ஒன்றில் ஒரு கம்பெனி விஞ்ஞானி பேசினார். திரையில் மூலக்கூறின் படம், அதன் இடப்பக்கம் முழுவதும் ஒரு சாம்பல் நிற வட்டத்தால் மூடப்பட்டிருந்தது. "இந்த இடத்தில் ஓர் ஆக்சிஜன் ஏறுகிறது" என்று சுட்டுக்கோலின் சிவப்புப் புள்ளியை வட்டத்துக்குள் சுழற்றினார். எந்த இடத்தில்? கேட்க முடியாது. சட்டப் பிரிவு அனுமதித்தது அவ்வளவுதான். மெட்டபாலிசக்காரனுக்கு மூலக்கூறின் வடிவத்தைக் காட்டாமல் பேசுவது, இலையில் மூடி போட்ட பாத்திரத்தை வைத்துப் பந்தி பரிமாறுவது மாதிரி. தவறு அவருடையதல்ல. ஆறு வாரத்துக்கு முன்னால்தான் நாங்கள் அழைத்திருந்தோம். கம்பெனிக்குள் ஒரு ஸ்லைடு மூன்று நான்கு மேசைகளைத் தாண்டி வர அவ்வளவு காலம் போதாது. கருத்தரங்கை முன்மொழியும்போதே, அதாவது ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே, பேச்சாளரிடம் கேட்டுவிட வேண்டும்: "வடிவத்தைக் காட்ட முடிகிற மருந்து எது?" கைவிடப்பட்ட மருந்து இருக்கும், காப்புரிமை வெளியாகிவிட்ட மருந்து இருக்கும். ஓடாத குதிரையைப் பற்றித்தான் மனம் திறந்து பேசுவார்கள். அந்தப் பேச்சுகள்தான் நமக்கும் உதவும்.

கார்பஸெரான் கதை அப்படிப்பட்டது. இதயத்துக்கான மருந்தாக உருவாக்கிப் பார்த்தார்கள். நாய்க்கு வாய்வழி கொடுத்தபோது நன்றாக ரத்தத்தில் சேர்ந்தது. மனிதருக்குக் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றும் சேரவில்லை. மனிதக் கல்லீரலில் ஆல்டிஹைடு ஆக்சிடேஸ் என்ற என்சைம் அதைப் போகிற போக்கிலேயே முடித்துவிடுகிறது. நாயின் கல்லீரலிலோ அந்த என்சைமின் வேலை நடப்பதே இல்லை. இன்றும் விலங்குச் சோதனைக்கு எந்த விலங்கு என்ற விவாதம் வந்தால் அந்தப் பெயர் அடிபடும்.

இதை ஒட்டியதுதான் அடுத்த தவறு. குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுவது. எங்கள் துறையில் அந்தக் குண்டுச்சட்டியின் பெயர் சிப் 3ஏ4. கல்லீரலிலும் குடலிலும் மருந்தை உடைக்கும் ஓர் என்சைம், பி450 என்ற என்சைம் குடும்பத்தின் மூத்த பிள்ளை. அதைத் தலைப்பில் போட்டால் அரங்கம் நிறையும். டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மருந்தை இந்த என்சைம்தான் உடைக்கிறது. கீட்டோகோனசோல் போன்ற மருந்து கூடவே போய் என்சைமைத் தடுத்தபோது சிலருக்கு இதயத்துடிப்பே தடுமாறியது. 1998-இல் அந்த மாத்திரை அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது. ஒரு சோதனையில் சாராயத்தின் சுவையை மறைக்கக் கொடுத்த கிரேப்ஃப்ரூட் சாறு, ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தின் அளவை ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏற்றியதைக் கனடாவில் டேவிட் பெய்லி தற்செயலாகக் கண்டுபிடித்ததும் இதே என்சைமின் கதைதான். நல்ல கதைகள், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து ஆண்டும் அதையே கேட்டால், மருந்துடன் சர்க்கரையைக் கோத்து அனுப்பும் என்சைம்களிலும், செல்லுக்குள் மருந்தை ஏற்றி இறக்கும் கடத்திப் புரதங்களிலும் வேலை செய்பவர்கள் நமக்கு இங்கே இடமில்லை என்று வேறு பிரிவுக்கு நகர்ந்துவிடுவார்கள். ஆஸ்பெட் பிரிவின் பெயரில் முன்பு மருந்து மெட்டபாலிசம் மட்டும் இருந்தது, பிறகு மருந்து உடம்பில் பரவி வெளியேறும் கதையையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களே நடத்தும் ஆய்விதழோ 1973-இல் பிறந்தபோதே இரண்டையும் பெயரில் வைத்திருந்தது. இதழுக்கு முதலில் தெரிந்திருக்கிறது, பிரிவுக்குப் பிறகு.

விருதுகளுக்கு வருவோம். "தகுதியான பரிந்துரை வரவில்லை, இந்த ஆண்டு விருது இல்லை" என்று ஒரு வரி எழுதுவதை விடப் பெரிய சோம்பேறித்தனம் கிடையாது. பரிந்துரை தானாக வராது, போய்க் கேட்க வேண்டும். கேட்கும்போதும் வழக்கமான மூன்று ஆய்வகங்களிடமே கேட்டால், பரிசு அந்த மூன்று வீட்டுக்குள்ளேயே சுற்றும். தகுதிக்காலத்தைப் பட்டம் வாங்கிய ஆண்டிலிருந்து எண்ணும் விதியிலும் ஒரு கண் வேண்டும். பிரசவத்துக்கும் பெற்றோர் நோய்க்கும் இடைவெளி எடுத்தவர்களை அது ஓசையில்லாமல் வடிகட்டிவிடும்.

இந்தத் துறையின் பெரிய விருது ஒன்று பெர்னார்ட் பி. பிராடி பெயரில் இருக்கிறது. 1948-இல் அவரும் ஜூலியஸ் ஆக்ஸல்ராடும் சேர்ந்து எழுதிய கட்டுரைதான், அசெட்டனிலைடு என்ற பழைய வலிமருந்து உடம்புக்குள் பாராசிட்டமாலாக மாறித்தான் வேலை செய்கிறது என்று காட்டியது. அப்போது ஆக்ஸல்ராடிடம் முனைவர் பட்டம் இல்லை. 1955-இல்தான் வாங்கினார், நாற்பது வயதைத் தாண்டியபின். அதற்கு முன்பே மருந்துகளை உடைக்கும் கல்லீரல் என்சைம்களை, மைக்ரோசோம் என்ற செல் துகள்களில் இருப்பவற்றை, தொட்டுவிட்டார். அந்தக் கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு என்பதில் பிராடியோடு அவருக்கு மனக்கசப்பு வந்து, பிரிந்து போனார். 1970-இல் வேறு வேலைக்காக நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் விருதுக் குழுவில் ஒருவர் "பட்டமில்லாதவரின் விண்ணப்பத்தை எதற்குப் படிக்க வேண்டும்?" என்று கேட்டபோது இந்தக் கதையைத்தான் சொன்னேன். விண்ணப்பம் மேசைக்குத் திரும்பி வந்தது.

போஸ்டர் பரிசில் நடப்பது வேறு மாதிரி. ஒரு நடுவருக்குப் பன்னிரண்டு போஸ்டர், ஒன்றரை மணி நேரம். மாணவியிடம் கேள்வி கேட்டால் பக்கத்தில் நிற்கும் வழிகாட்டி பதில் சொல்கிறார். "ஐயா, நீங்கள் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்" என்று சிரித்துக்கொண்டே அனுப்பத் தெரிந்த நடுவர் வேண்டும். தன் மாணவருக்குத் தானே மதிப்பெண் போடும் கூத்தைத் தவிர்க்க, பட்டியலை முந்தின வாரமே சரிபார்த்தால் போதும். தோற்றவர்களுக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். எங்கள் மாணவர்களில் ஒருவருக்குப் போன குறிப்பு இது: "கல்லீரல் செல்லோடு வைத்த மருந்து குறைந்தது சரி, செல்லே இல்லாத குழாயிலும் குறைந்ததா என்று காட்டவில்லையே." அடுத்த ஆண்டு அந்தக் கட்டுப்பாட்டுச் சோதனையோடு வந்தார்.

மற்ற சங்கங்களைப் போட்டியாளராகப் பார்ப்பதும் வேண்டாத வேலை. இதே ஆட்களுக்காக 1981 முதல் ஐஎஸ்எஸ்எக்ஸ் என்ற சர்வதேசச் சங்கம் இருக்கிறது. அவர்கள் தேதியோடு மோதாமல் இருப்பதும், இளைஞர்களுக்குச் சேர்ந்து ஓர் அமர்வு நடத்துவதும் போதும். ஆஸ்பெட்டே 2022 வரை பல சங்கங்கள் கூடும் பெரிய மாநாட்டில் இருந்துவிட்டு, 2023-இல் செயின்ட் லூயிஸில் தனியாக நடத்தத் தொடங்கியது. திருவிழாக் கூட்டத்தில் கடை போட்டவர் தனிக்கடை போட்டால் ஆளைத் தானே அழைத்துவர வேண்டும். பழைய ஞாபகத்தில் அரங்கை மட்டும் பதிவு செய்துவிட்டு உட்கார்ந்திருந்தால் காலி நாற்காலிக்குத்தான் பேச வேண்டும்.

பிரிவின் பொதுக்கூட்டத்தைக் கடைசி நாள் மாலையில் வைக்காதீர்கள். எல்லோரும் பெட்டியோடு வந்து வாசல் பக்கம் உட்காருவார்கள். அறிக்கையை வாசிக்கவும் வேண்டாம், ஒரு தாளில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். மீதி நேரத்தில் அடுத்த ஆண்டுத் தலைப்புகளைக் கேளுங்கள்.

பொறுப்பைக் கைமாற்றுவதில் நாங்கள் பட்டது கொஞ்சமல்ல. முந்தைய செயலர் வேலை மாறினார். அவருடைய பழைய அலுவலகக் கணக்கு மூடப்பட்டதோடு நடுவர் பட்டியல், பரிசு பெற்றவர்களின் விவரம், கருத்தரங்கு வரவுசெலவு எல்லாம் போய்விட்டன. ஆறு ஆண்டுப் பட்டியலை அச்சிட்ட நிகழ்ச்சி நிரல்களிலிருந்து கையால் எடுத்து எழுதினேன். அதற்குப் பிறகு எல்லாக் கோப்பையும் சங்கத்தின் பொதுக் கணக்கில்தான் வைக்கிறோம். புதிதாக வருகிற செயலருக்கு எட்டுப் பக்கத்தில் ஒரு குறிப்பும் இருக்கிறது. அதன் முதல் வரி நான் எழுதியது, இன்னும் யாரும் அழிக்கவில்லை: "போஸ்டர் அரங்கில் குண்டூசி கிடைக்காது. இரண்டு டப்பா பையில் போட்டுக்கொள்."