மென்பொருள் ஆய்வில் அகப்படாத பிழைகளை மதிப்பிடுவது எப்படி?

ஒரு வடிவமைப்பு ஆவணத்தையோ நிரலையோ பலர் வரிவரியாகப் படித்துப் பிழைகளைப் பட்டியலிட்ட பிறகும், இன்னும் எத்தனை பிழைகள் உள்ளே இருக்கின்றன என்ற கேள்வி எஞ்சி நிற்கும். கண்டறிந்தவற்றின் எண்ணிக்கை மட்டும் இதற்கு விடையாகாது. நிறையப் பிழைகள் கிடைத்ததற்கு ஆய்வாளரின் திறமையும் காரணமாகலாம், நிரலின் மோசமான நிலையும் காரணமாகலாம். ஆய்வாளர்களின் பட்டியல்கள் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்பதிலிருந்தே மதிப்பீடு பிறக்கிறது.

இந்தக் கணக்கு உயிரியலிலிருந்து வந்தது. பிடித்த மீன்களுக்கு அடையாளமிட்டு நீரில் விட்டு, மறுமுறை பிடிபடுபவற்றில் அடையாளமுள்ளவை எத்தனை என்று பார்த்து மொத்தத்தைக் கணிக்கும் இம்முறை, லிங்கன், பீட்டர்சன் ஆகியோரின் பெயரால் வழங்குகிறது. 1990களின் தொடக்கத்தில் இது மென்பொருள் ஆய்வுக்கும் பயன்படுத்தப்பட்டது. இங்கே முதல் ஆய்வாளர் கண்ட பிழைகள் அடையாளமிட்ட மீன்களைப் போன்றவை, இரண்டாமவரின் பட்டியல் மறுமுறை பிடித்ததைப் போன்றது.

முதல் ஆய்வாளர் 12 பிழைகளையும் இரண்டாமவர் 10 பிழைகளையும் கண்டு, அவற்றில் 6 இருவருக்கும் பொதுவானவை என்று கொள்வோம். 12-ஐ 10-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்தால் மதிப்பீட்டு மொத்தம் 20. இருவரும் சேர்ந்து கண்ட தனித்தனிப் பிழைகள் 16 என்பதால், எஞ்சியவை சுமார் 4. எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது, மூன்று எண்களோடும் 1 கூட்டி அதே கணக்கைச் செய்து, முடிவில் 1 கழிக்கும் சாப்மன் திருத்தம் நல்லது. அதன்படி மொத்தம் 19.4 ஆகும். பொதுப் பிழையே இல்லாதபோதும் இச்சூத்திரம் ஓர் எண்ணைத் தரும், ஆனால் அதை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது.

கணக்கு எளிது, இடறும் இடம் பட்டியல்களை ஒப்பிடும் வேலைதான். மேற்கண்ட எடுத்துக்காட்டில், பொதுவானவை என்று கருதிய 6 இணைகளில் ஒன்று உண்மையில் இரு வேறு பிழைகளாக இருந்தால், மொத்தம் 24 ஆகவும் தனித்தனிப் பிழைகள் 17 ஆகவும் மாறி, எஞ்சியவை 4-லிருந்து 7-க்குத் தாவுகின்றன. எனவே, எது ஒரே பிழை என்பதை வரி எண்ணை வைத்து அல்லாமல், ஒரே திருத்தம் இரண்டையும் தீர்க்குமா என்று கேட்டு முடிவு செய்ய வேண்டும். பிழையே அல்லாத புகார்களையும் எழுத்து நடை பற்றிய குறைகளையும் ஒப்பீட்டுக்கு முன்பே நீக்கிவிட வேண்டும்.

ஆய்வாளர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் தனித்தனியே, அனைவரும் ஒரே பதிப்பைப் படித்திருக்க வேண்டும் என்பதும் கட்டாயம். கூட்டத்தில் ஒருவர் சொன்னதைக் கேட்டு இன்னொருவர் தம் பட்டியலில் சேர்த்தால், பொதுப் பிழைகள் செயற்கையாகப் பெருகி, எஞ்சியவை குறைவாகத் தெரியும். எளிதில் கண்ணில் படும் பிழைகளை எல்லோரும் பிடித்து, நுட்பமானவற்றை எல்லோரும் தவறவிடுவதாலும் இதே விளைவு ஏற்படுகிறது. ஆகவே கிடைக்கும் எண்ணைக் கீழ் வரம்பாகக் கொள்வதே என் பரிந்துரை. மாறாக, ஆளுக்கொரு சரிபார்ப்புப் பட்டியலோ ஆவணத்தின் தனித்தனிப் பகுதிகளோ தரப்பட்டிருந்தால் ஒற்றுமை குறைந்து, மதிப்பீடு தேவையின்றி ஊதிவிடும். அத்தகைய ஆய்வுக்கு இம்முறை பொருந்தாது.

நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட ஆய்வாளர்கள் கிடைத்தால், பிழைகளின் கடினத்தன்மை வேறுபடும் என்பதைக் கருத்தில் கொள்ளும் ஜாக்நைஃப் மதிப்பீட்டைப் பயன்படுத்தலாம். அதன் முதல்நிலை வடிவத்தில், ஒருவர் மட்டுமே கண்ட பிழைகளின் எண்ணிக்கையை, ஆய்வாளர் எண்ணிக்கையில் ஒன்று குறைத்துப் பெருக்கி, ஆய்வாளர் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைப்பதே எஞ்சிய பிழைகள். நால்வர் 25 பிழைகளைக் கண்டு, அவற்றில் 8 ஒருவர் கண்ணில் மட்டும் பட்டிருந்தால், இன்னும் 6 இருக்கலாம்.

எத்தனை எஞ்சினால் மறு ஆய்வு என்ற வரம்பை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைப்பது நல்லது. எண்ணைப் பார்த்த பிறகு வரம்பு வைத்தால், வெளியீட்டு நாளின் நெருக்கடியே அதைத் தீர்மானித்துவிடும். கண்டறிந்த பிழைகளைத் திருத்தும்போது புதிதாக நுழையும் பிழைகள் இம்மதிப்பீட்டில் அடங்கா என்பதால், திருத்திய பகுதிகளைத் தனியே சரிபார்க்க வேண்டும்.