அட்லஸ் அந்துப்பூச்சியின் சிறகு கோணாமல் விரிய: பினாங்கு வீட்டு வளர்ப்புக் குறிப்பு

சிறகை விரித்தால் 24 சென்டிமீட்டர் வரை அகலம், செம்பழுப்பு நிறம், நான்கு சிறகிலும் செதிலே இல்லாத முக்கோணக் கண்ணாடிச் சன்னல், முன்சிறகின் நுனியில் பாம்புத் தலை போன்ற உருவம். இத்தனை அழகும் முழுதாக அமைவதோ கோணிப்போவதோ, பூச்சி கூட்டைவிட்டு வெளிவரும் முதல் சில மணி நேரத்தில்தான்.

ஆப்பிரிக்கச் சவானாவில் இலந்தை இலை தின்று வளரும் எபிஃபோரா என்ற அந்துப்பூச்சி இதற்கு நெருங்கிய உறவு. அதன் சிறகிலும் இதே சன்னல் உண்டு. நம் ஊர்ப் பூச்சியின் புழுவுக்கு முள்சீத்தா, அதாவது துரியான் பெலாண்டா, இலை நன்றாக ஒத்துவரும். கொய்யா, ரம்புத்தான் இலையும் தின்னும். ஆனால் எந்த இலையில் தொடங்கினீர்களோ அதையே கடைசிவரை கொடுங்கள். பாதியில் மாற்றினால் பல புழுக்கள் வாய் வைக்காமலே செத்துவிடும்.

முட்டை பொரிய ஏறக்குறைய 10 நாள் ஆகும். மூடியுள்ள சிறு டப்பாவில் வையுங்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள். பொரிந்ததும் கிளையைத் தண்ணீர்ப் புட்டியில் செருகிப் புழுக்களை அதில் விடலாம். புட்டியின் வாயைப் பஞ்சால் இறுக அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே விழுந்து மூழ்கும். புழுவைக் கையால் பிடுங்காதீர்கள். அது இருக்கும் இலையைக் கத்தரித்துப் புதுக் கிளையில் வையுங்கள். மேலே இருக்கும் வெள்ளை மாவு அதற்குப் போர்வை. ஓரிரு நாள் அசையாமல் கிடந்தால் நோய் என்று பயப்பட வேண்டாம், தோல் உரிக்கிறது.

பினாங்கின் ஈரக் காற்றில் பூஞ்சை புழுவைக் கொல்லலாம். எச்சத்தைத் தினமும் கொட்டுங்கள். மூடிய டப்பாவை விட வலைக்கூண்டு மேல். கூண்டுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால் கெரெங்கா எறும்பு ஏறாது. தாமானில், அதாவது குடியிருப்பில், கொசுப் புகை அடிக்கும் நாளில் கூண்டை உள்ளே தூக்கிவைத்துச் சன்னலைச் சாத்துங்கள். புகை பட்ட மரத்து இலையைச் சில வாரம் தொடவே வேண்டாம்.

ஐந்தாறு வாரத்தில் புழு ஒரு சாண் நீளத்தில் பாதியைத் தாண்டி, இலையை மடித்துக் கூடு கட்டும். ஒரு வாரம் கழித்துக் காம்போடு வெட்டி, தொங்கிய வாக்கிலேயே தொங்கவிடுங்கள். வாசல் மேல்முனையில் இருப்பதால் தலைகீழாகக் கட்டக் கூடாது. ஏர்கான் அறை ஆகாது. கூடு காய்ந்தால் பூச்சி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இரண்டு நாளுக்கு ஒருமுறை லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும்.

சுமார் நான்கு வாரத்தில் பூச்சி வரும். அப்போது உடல் பெருத்து, சிறகு நனைந்த துணித்துண்டு போலச் சுருங்கியிருக்கும். அது உடனே சொரசொரப்பான ஒன்றைப் பற்றித் தொங்க வேண்டும். உடலின் நீரைச் சிறகு நரம்புக்குள் செலுத்தித்தான் விரிக்கிறது. கீழே 30 சென்டிமீட்டராவது வெற்றிடம் விடுங்கள். பிளாஸ்டிக் சுவர் வழுக்கும். விழுந்த பூச்சியின் சிறகு மடங்கியபடியே இறுகிவிடும், பிறகு நிமிர்த்த வழியில்லை. விழுந்தால் ஒரு குச்சியை அதன் காலருகே நீட்டுங்கள், தானே ஏறிக்கொள்ளும். மின்விசிறியை நிறுத்திவிட்டு அன்று முழுதும் அதை விட்டுவிடுங்கள்.

ஆணின் உணர்கொம்பு அகலமான சீப்பு மாதிரி. பெண்ணுக்கு அது ஒல்லி, வயிறு பருமன். உண்ணும் வாய் இரண்டுக்குமே இல்லை, தேன்தண்ணீர் வைப்பது வீண். ஒன்றிரண்டு வாரமே ஆயுள். எனவே இணை கிடைக்காத பூச்சியை, இருட்டியதும் தெருவிளக்கு எட்டாத மரத்தில் விட்டுவிடுங்கள்.