சீன அரண்மனைத் தொடர்களில் கல்யாணப் பேச்சு: பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீன வரலாற்றுத் தொடர் எதை எடுத்தாலும் முதல் சில எபிசோடுகளுக்குள் ஒரு சம்பந்தம் பேசி முடித்துவிடுவார்கள். பெண்ணுக்கு அதில் இஷ்டம் இருக்காது, பையன் மனதில் வேறு யாரோ இருப்பார், அதற்குள் பட்டத்துக்குப் போட்டியும் சதியும் தொடங்கிவிடும். காதல் காட்சி எப்போது வரும் என்று காத்திருந்து, பெரியவர்கள் உட்கார்ந்து கல்யாணம் பேசும் இடங்களை நம்மில் பலர் ஓட்டிவிடுகிறோம். முதல் தவறு அதுதான். அரசியல் முழுக்க அந்தப் பேச்சுக்குள்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் பின்னால் யார் ஏன் அழுகிறார்கள் என்பதே பாதி புரியாது.

நிச்சயம் என்றால் வேண்டாமென்று சொல்லி முறித்துக்கொள்ளக்கூடிய ஒன்று என்று நினைப்பது அடுத்த தவறு. பழைய சீன முறையில் கல்யாணத்துக்கு ஆறு சடங்குகள். பெண் கேட்பது, பெண்ணின் பெயரும் பிறந்த விவரமும் வாங்குவது, முன்னோர் கோயிலில் குறி பார்ப்பது, பரிசம் அனுப்புவது, நாள் குறிப்பது, கடைசியில் மாப்பிள்ளை வந்து பெண்ணை அழைத்துப்போவது. நான்காவதான பரிசம் கைமாறிவிட்டால் பேச்சு இறுகிவிடும். கி.பி. 653இல் வெளியான தாங் வம்சச் சட்டத்தொகுப்பு இதைத் தெளிவாகவே சொல்கிறது. திருமணக் கடிதத்துக்குச் சம்மதம் சொன்ன பிறகோ, பரிசம் வாங்கிய பிறகோ பெண் வீட்டார் பின்வாங்கினால் 60 தடியடி. வேறு இடத்தில் பேசினால் 100. அந்த இடத்தில் கட்டியே கொடுத்துவிட்டால் ஒன்றரை ஆண்டு கட்டாய உழைப்பு. பையன் வீட்டார் பின்வாங்கினால் தண்டனை கிடையாது, கொடுத்த பரிசம் மட்டும் போகும். கதாநாயகியின் அப்பா கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்து "என்னய்யா இந்த ஆள், மகளுக்காக ஒரு வார்த்தை பேசக்கூடாதா" என்று கோபப்படும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். மானம் போவதோடு முதுகுத்தோலும் உரியும்.

இதே நிச்சயம் உயிரையும் காப்பாற்றும் என்பது பலருக்குத் தெரியாது. ராஜத்துரோக வழக்கில் ஒரு குடும்பம் சிக்கினால், தாங் சட்டப்படி குற்றவாளிக்குத் தலை போகும். அவருடைய அப்பாவுக்கும் 16 வயது நிரம்பிய மகன்களுக்கும் தூக்கு. மனைவி, மகள்கள், சிறு பையன்கள் அரசின் அடிமைகள். ஆனால் மகளுக்கு ஏற்கெனவே நிச்சயம் ஆகியிருந்தால் அவள் அந்தக் கணக்கில் வரமாட்டாள், மாப்பிள்ளை வீட்டுக்கு உரியவளாகிவிடுவாள். அதேபோல, மாப்பிள்ளை வீடு துரோகத்தில் மாட்டினால், கல்யாணம் முடியாத மருமகளுக்கும் தண்டனை கிடையாது. ஆகவே, ஆபத்து நெருங்கும்போது ஓர் அமைச்சர் திடீரென்று மகளை யாருக்கோ அவசரமாகப் பேசி முடித்தால், அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அவருக்குத் தெரிந்த ஒரே தப்பும் வழி அதுவாக இருக்கலாம். இந்த விதி தெரிந்து கதை எழுதுபவர்களும் உண்டு, தெரியாமல் நிச்சயமான பெண்ணையும் சேர்த்துக் கொலைக்களத்துக்கு அனுப்புபவர்களும் உண்டு. தாங் காலக் கதை என்று சொல்லிக்கொண்டு அப்படிச் செய்தால் அது எழுதியவரின் கோளாறு.

சட்டம் குடிமக்களுக்குத்தான். பேரரசரே முறித்தால் கேட்க ஆளில்லை. 643இல் தாங் பேரரசர் தைசோங் தன் சின்ன மகளை, தன்னைத் தயங்காமல் கண்டித்துப் பேசிய அமைச்சர் வெய் செங்கின் மகனுக்கு நிச்சயம் செய்தார். அமைச்சர் இறந்தபோது கல்லறைக் கல்வெட்டுக்கான வாசகத்தையும் அவரே எழுதினார். அதே ஆண்டில் பட்டத்து இளவரசனின் சதி அம்பலமானது. வெய் செங் ஒருகாலத்தில் சிபாரிசு செய்த ஆட்களில் ஒருவர் அதில் இருந்தார். பேரரசருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நிச்சயம் ரத்து, கல்வெட்டும் கீழே தள்ளப்பட்டது. அப்புறம் அந்த இளவரசியை அவளுடைய தாய்வழியான சாங்சுன் குடும்பத்தில் பேசினார்கள். 649இல் தைசோங் இறந்ததும், துக்கக்காலம் முடியாமல் கல்யாணம் கூடாது என்று ஓர் அமைச்சர் வாதாடி அதைத் தள்ளிப்போட வைத்தார். ஒருவழியாகக் கல்யாணம் நடந்தது. 659இல் சாங்சுன் குடும்பமே துரோகப் பழியில் விழ, கணவன் நாடுகடத்தப்பட்டுப் போன இடத்தில் கொல்லப்பட்டான். மறுபடி ஒரு கல்யாணம் செய்து வைத்தார்கள். 663இல் அவள் திடீரென்று இறந்தாள். ஏன் என்று விளக்க முடியாத இரண்டாம் கணவனுக்கும் மரண தண்டனை. சின்செங் இளவரசி என்று வரலாறு குறிப்பிடும் இவளுடைய வாழ்க்கையில் எந்த வசனகர்த்தாவும் புதிதாகத் திருப்பம் சேர்க்க வேண்டியதில்லை. துக்கக்காலக் கட்டுப்பாட்டையும் கவனியுங்கள். பெற்றோர் இறந்தால் சொல்லுக்கு மூன்றாண்டு, நடைமுறையில் 27 மாதம். நாள் குறித்த பிறகு ஒரு சாவு விழுந்தால் கதை இரண்டு வருடம் நின்றுவிடும். அதற்குள் அரசியலில் எதுவும் மாறலாம். இதைத் தெரிந்துகொண்டு நாளை முன்னுக்குத் தள்ளுபவர்களும் பின்னுக்கு இழுப்பவர்களும் தொடர்களில் நிறைய.

பெரியவர்கள் ஏற்பாடு செய்தது என்றால் அங்கே காதல் இருக்காது என்று எடுத்துக்கொள்வதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. இதற்கு ஹான் பேரரசர் ஷுவானின் கதை போதும். கி.மு. 91இல் சூனியப் பழி ஒன்றில் அவர் குடும்பம் மொத்தமும் அழிந்தது. கைக்குழந்தையாக இருந்த அவரைச் சிறையில் வைத்திருந்தார்கள். பிறகு சாதாரண மக்களிடையே வளர்ந்தார். அவருக்குப் பெண் பார்த்தவர் சாங் ஹே என்ற அரண்மனை அதிகாரி. தன் பேத்தியையே கொடுக்க நினைத்தார், தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. சரி என்று, தண்டனையாக ஆண்மை நீக்கப்பட்டு அரண்மனையில் சிறுவேலையில் இருந்த ஒருவரின் மகளைக் கேட்டார். ஷு பிங்ஜுன் என்ற அந்தப் பெண்ணுக்கு முன்பே நிச்சயமான பையன் இறந்துபோயிருந்தான். மகளுக்குப் பெரிய இடம் அமையும் என்று ஜோசியம் கேட்டு வைத்திருந்த அம்மாவுக்கு இந்த ஏழைச் சம்பந்தத்தில் கோபம். பரிசத்துக்கான பணத்தைக்கூட சாங் ஹேதான் கொடுத்தார். இத்தனையும் அடுத்தவர் ஏற்பாடுதான்.

கி.மு. 74இல் அதிகாரம் முழுவதையும் கையில் வைத்திருந்த ஹுவோ குவாங், அரச வம்சத்தவரான இந்த இளைஞரைச் சிம்மாசனத்தில் ஏற்றினார். பட்டத்தரசியாக ஹுவோ குவாங்கின் மகளே வர வேண்டும் என்று அரசவை எதிர்பார்த்தது. புதுப் பேரரசர் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. ஏழையாக இருந்த நாளில் தன்னிடம் இருந்த பழைய வாளைத் தேடித் தரும்படி ஓர் ஆணை மட்டும் போட்டார். பழைய மனைவியையும் விடமாட்டார் என்று அமைச்சர்களுக்குப் புரிந்துவிட்டது, ஷு பிங்ஜுன் பட்டத்தரசியானாள். ஆனால் கி.மு. 71இல், பிரசவத்துக்குப் பிறகு, ஹுவோ குவாங்கின் மனைவி ஒரு பெண் மருத்துவர் மூலம் அவளுக்கு நஞ்சு வைத்தாள். அடுத்த ஆண்டு ஹுவோவின் மகள் அந்த இடத்துக்கு வந்தாள். ஹுவோ குவாங் கி.மு. 68இல் இறந்தார், அவர் குடும்பம் கி.மு. 66இல் வேரோடு ஒழிக்கப்பட்டது. காதலா, ஏற்பாடா என்று கட்சி பிரித்துக்கொண்டு இதைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது.

பேரரசர் கல்யாண ஆணை போட்டால் தலை குனிந்து ஏற்பதைத் தவிர வழியே இல்லை என்று தொடர்கள் காட்டுவதையும் அப்படியே நம்ப வேண்டாம். கிழக்கு ஹான் காலத்தில் பேரரசர் குவாங்வு விதவையான தன் அக்காவுக்காக சுங் ஹுங் என்ற அமைச்சரிடம் ஆழம் பார்த்தார். தவிட்டைத் தின்ற காலத்தில் கூட இருந்த மனைவியை அனுப்ப மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார், தலை போகவில்லை. தாங் காலத்தில் சுய், லு, செங் போன்ற பழைய குடும்பங்களுக்கு அரச குடும்பமே இளப்பம். அவர்கள் தங்களுக்குள்ளேயே கொண்டு கொடுப்பதை 659இல் அரசு தடை செய்தது. தடை விதிக்கும் அளவுக்குப் பெரிய குடும்பம் என்று அவர்கள் மதிப்பு இன்னும் ஏறியதுதான் மிச்சம். எங்கள் வீடு இருநூறு ஆண்டாகப் பேரரசர் வீடு, இன்னமும் சுய்க்கும் லுவுக்கும் ஈடில்லையா என்று பேரரசர் வென்சோங் புலம்பியதாகப் பதிவு இருக்கிறது. பாவம்!

வெளிநாட்டு அரசனுக்கு அனுப்பப்படும் இளவரசி பேரரசரின் சொந்த மகள் என்று நினைப்பதும் வழக்கம். பெரும்பாலும் இல்லை. ஹான் காலத்தில் மேற்கே ஊசுன் நாட்டுக்கு அடுத்தடுத்துப் போன சிஜுன், ஜியேயோ இருவருமே கலகப் பழியில் வீழ்ந்த அரச கிளைகளின் பெண்கள். 641இல் திபெத்துக்குப் போன வென்செங்கும் அரச வம்சத்து உறவுக்காரப் பெண்தான். சொந்த மகளையே அனுப்பினால் நிலைமை கைமீறிவிட்டது என்று பொருள். 755இல் தளபதி ஆன் லுஷானின் கலகம் வெடித்து, வடக்குப் புல்வெளியின் உய்குர் குதிரைப்படை இல்லாமல் தலைநகரை மீட்க முடியாது என்று ஆன பிறகு, 758இல் பேரரசர் சுசோங் தன் மகள் நிங்குவோவை உய்குர் அரசனுக்குக் கொடுத்தார். மறுவருடமே அவன் இறந்தான். அவனோடு அவளும் சாக வேண்டும் என்றார்கள். அவள் மறுத்தாள், அந்த ஊர் வழக்கப்படி முகத்தைக் கீறிக்கொண்டு அழுதாள், பிள்ளை இல்லாததால் ஊர் திரும்பினாள்.

ஒரு வம்சத்து விதியை இன்னொன்றுக்குப் பொருத்துவதையும் விட்டுவிடுங்கள். அரண்மனைக்குப் பெண்களை வரிசையாக நிறுத்தித் தேர்ந்தெடுக்கும் காட்சி சிங் காலத்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை, கொடிப்படை என்ற சிங் படைப்பிரிவுகளைச் சேர்ந்த குடும்பங்களின் பெண்களுக்கு மட்டும். இளவரசியைக் கட்டியவருக்கு அரசியலில் இடமில்லை என்பது மிங் காலத்துக்குப் பொருந்தும், தாங் காலத்துக்குப் பொருந்தாது.

கடைசியாக, நம்மவர்களுக்கே உரிய ஒரு தவறு இருக்கிறது, உறவுமுறை. அங்கே ஒரே குடும்பப்பெயர் இருந்தால் கல்யாணம் கூடாது. தாங் சட்டத்தில் அதற்கு இரண்டு ஆண்டு தண்டனை. ஆகவே சித்தப்பா மகள் தங்கைதான், அதில் நமக்கும் அவர்களுக்கும் சண்டையில்லை. அத்தை மகளும் மாமன் மகளும் முறைப்பெண், அதுவும் பழகியதே. ஆனால் அம்மாவின் தங்கை மகளையும் அங்கே கட்டலாம். 18ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற 'சிவப்பு மாளிகைக் கனவு' நாவலில் நாயகன் பாவோயு நேசிக்கும் தாய்யு அவனுடைய அத்தை மகள். குடும்பம் கட்டிவைக்கும் பாவோசாய் சித்தி மகள். தங்கச்சியைப் போய்க் கட்டிவைக்கிறார்களே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அதிர்ந்தால், அந்த ஊர்க் கணக்கில் இருவருமே முறைப்பெண்கள்தான் என்று சொல்லிவிட்டு எபிசோடைத் தொடரலாம்.