தி லாங் டார்க்: முதல் பத்து நாளைத் தாண்டுவது எப்படி

தி லாங் டார்க் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டின் முதல் ஆட்டத்தில் நான் செத்துக் கிடந்தபோது பையில் நான்கு டின் பீச் பழமும் இரண்டு சாக்லேட்டும் ஒரு பாக்கெட் இறைச்சி வற்றலும் இருந்தன. பசியால் சாகவில்லை, ஓநாயும் கடிக்கவில்லை. குளிரில் விறைத்துப் போனேன். "கோத்தகிரிக்காரன் குளிருல செத்தான்னு வெளியே சொல்லிடாத மச்சான்" என்று கோயம்புத்தூரில் இருக்கும் அத்தை மகன் இன்றைக்கும் கேலி செய்கிறான். இப்போது அவனும் இந்த விளையாட்டை வாங்கிவிட்டான். இரவு பத்து மணியானால் போன் வரும்: "மறுபடியும் செத்துட்டேன்டா." அவனுக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. ட்ரையருக்குச் சூட்டுக்காற்று போகும் விறகு அடுப்பைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் கொழுந்து கருகும், இலை வரத்து குறையும், ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடாது. அந்த நாட்களில்தான் கம்பளிக்குள் உட்கார்ந்து பழைய லேப்டாப்பில் விளையாட்டு. லேப்டாப் அடிப்பக்கம் நன்றாகச் சூடாகும். எங்கள் ஊரில் அதுவும் ஒரு வசதி.

தெரியாதவர்களுக்கு மட்டும்: கனடாவின் ஹின்டர்லேண்ட் ஸ்டூடியோ செய்த விளையாட்டு இது. 2014-ல் அரைகுறையாக விற்பனைக்கு வந்து, 2017 ஆகஸ்ட்டில் முழுதாக வெளியானது. பூமியின் காந்தப்புலத்தில் ஏதோ கோளாறு நடந்து உலகத்தில் கரண்ட் செத்துவிட்டது. கிரேட் பேர் என்ற பனித்தீவில் நீங்கள் தனியாக மாட்டிக்கொண்டீர்கள். ஸோம்பி கிடையாது. கதையாக ஆடுவது தனியாக உண்டு. நான் சொல்வது எத்தனை நாள் உயிரோடு தாங்குகிறீர்கள் என்பதே ஆட்டமான சர்வைவல் முறைக்கு. அதில் உயிர் ஒன்றுதான். செத்தால் அந்த ஆட்டம் முடிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள், பழைய சேமிப்புக்குத் திரும்பிப் போக முடியாது. கதவைத் திறந்து ஒரு வீட்டுக்குள் நுழையும்போதும் தூங்கி எழும்போதும் தானாகவே சேமித்துக்கொள்ளும்.

ஆரம்பிக்கும்போது கடினம் எவ்வளவு என்று கேட்கும். வெட்கப்படாமல் பில்கிரிம் என்ற மிக எளிய நிலையை எடுங்கள். அதில் ஓநாய் உங்களைக் கண்டால் தானே ஓடும். ஒரு வாரம் அப்படி நடந்து பழகிவிட்டு அடுத்த நிலையான வாயேஜருக்குப் போகலாம். ரொம்பக் கடினமான இன்டர்லோப்பர் பக்கம் ஆறு மாதத்துக்குப் போகவே வேண்டாம். எந்த இடத்தில் தொடங்குவது என்று கேட்டால் மிஸ்டரி லேக் என்ற ஏரிப் பகுதி. ஏரிக்கரையில் கேம்ப் ஆஃபீஸ் என்று ஒரு மரவீடு இருக்கிறது. அடுப்பு உண்டு, படுக்கை உண்டு, பொருள் செய்ய மேசையும் உண்டு. வாசலில் இறங்கினால் உறைந்த ஏரி, அதன்மேல் மீன்பிடிக் குடிசைகள். வழி தவறினால் தேடிக் கண்டுபிடிக்க அங்கே ஒரு தண்டவாளமும் ஓடுகிறது. முதல் வீடு அதுவாக இருக்கட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். குளிர், களைப்பு, தாகம், பசி என்று நான்கு அளவு திரையில் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் பசியைத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் டின் டின்னாகப் பொறுக்கினேன். உண்மையில் பசி மெதுவாகத்தான் கொல்லும். ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாலும் உயிர் போய்விடாது. தாகம் அதைவிட வேகம். குளிர் அளவு காலியானால் சில மணி நேரத்தில் கதை முடிந்தது. அதனால் என் கணக்கு இது: வீட்டை விட்டு இறங்கும்போது குளிர் அளவு நிறைந்திருக்க வேண்டும், பாதிக்கு வந்ததும் திரும்பிவிட வேண்டும். அந்த மேட்டுக்கு அப்பால் ஒரு வீடு தெரிகிறது, எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றும். தோன்றட்டும். அங்கே அடுப்பு இருக்கும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

அதிகாலையில் கிளம்பாதீர்கள். வெயில் ஏறி, வெளிச்சம் நன்றாக வந்த பிறகு கிளம்பி, இருட்டுவதற்குள் உள்ளே வந்துவிடுங்கள்.

காற்றைப் பற்றி எனக்கு ஒரு குழப்பம் இருந்தது. எங்கள் மலையில் உறைபனி விழுவது மேகமில்லாத, இலை அசையாத இரவில்தான். காற்று அடித்தால் "இன்னைக்குப் பனி விழாது" என்று அம்மா நிம்மதியாகத் தூங்கப் போவார். அதே புத்தியோடு விளையாட்டில் காற்று வீசும்போது தைரியமாக நடந்தேன். அங்கே காற்றுதான் எமன். வெப்பநிலையைக் காட்டும் இடத்தில் காற்றால் எவ்வளவு குறைகிறது என்று தனியாகவே காட்டும், அதைப் பார்க்கப் பழகுங்கள். திறந்த ஏரியில் நேராக நடப்பதைவிட, பாறை ஓரமாகவும் மர ஓரமாகவும் சுற்றிப் போவது மேல். பனிப்புயல் வந்துவிட்டால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. குகையோ, உடைந்த காரோ, எது பக்கத்தில் இருக்கிறதோ அதற்குள் போய்விடுங்கள். காருக்குள் காற்று வராது.

நெருப்புக்கு வருகிறேன், இது என் தொழில்.

வெளியே நடக்கும்போதெல்லாம் சுள்ளி பொறுக்கிக்கொண்டே நடங்கள். கோடரி வேண்டாம், நேரமும் ஆகாது. புயல் அடித்து ஓய்ந்த பிறகு புதிதாக விழுந்து கிடக்கும். வீட்டுக்குள் இருக்கும் மரப்பெட்டி, நாற்காலியையும் உடைத்து விறகாக்கலாம். கட்டையில் ஃபர் மரம் கனம், ஆனால் அதிக நேரம் எரியும். சிடார் மரம் லேசானது, சீக்கிரம் தீரும். குகையிலும் சுரங்கத்திலும் நிலக்கரி கிடைக்கும். அது நல்ல சூடு தரும், ஆனால் அதை வைத்துப் பற்றவைக்க முடியாது. முதலில் விறகு, அது பிடித்துக்கொண்ட பிறகுதான் கரி. ஃபேக்டரியிலும் அதே ஒழுங்குதான். ஒன்று மட்டும் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை: பனியில் புதைந்து கிடந்த சுள்ளி எடுத்த கையோடு எரிகிறது. ஈரச் சீகைக் கட்டையோடு மாரடிக்கும் ஒருவன் இதைப் பார்த்துச் சிரிக்காமல் என்ன செய்வான்?

தீக்குச்சிதான் தங்கம். ஆரம்பத்தில் நெருப்பு மூட்டும் திறமை குறைவு, பல தடவை தவறும், ஒவ்வொரு தடவையும் குச்சி போகும். அதனால் ஒரு நெருப்பில் எல்லா வேலையும் முடியுங்கள். பனியை உருக்கித் தண்ணீராக்கி, அதைக் கொதிக்கவைத்து, இறைச்சி வாட்டி, துணி காயப்போட்டு, கடைசியில் அந்த நெருப்பிலிருந்தே ஒரு தீவட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த இடத்தில் அதை வைத்தே பற்றவைக்கலாம். காற்று அணைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பூதக்கண்ணாடி கிடைத்தால் விடாதீர்கள். நல்ல வெயிலில் வெளியே குச்சியே இல்லாமல் பற்றவைக்கலாம். அணைந்த நெருப்பில் கிடக்கும் கரித்துண்டையும் எடுத்துவையுங்கள். கையில் வரைபடம் கொடுக்க மாட்டார்கள், அந்தக் கரியால் நீங்களேதான் வரைந்துகொள்ள வேண்டும்.

பனியை உருக்கியதோடு நிறுத்திவிட்டு அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்காதீர்கள், வயிற்றுப்போக்கு வந்து படுத்துவிடுவீர்கள். பாத்திரம் இல்லையென்றால் காலி தகர டப்பா போதும்.

இதற்கு நடுவே விளையாட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. இதை ஆடி உற்சாகமாகி, ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ வந்து அறைக்குள் கரி அடுப்பை மூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆள் எழுந்திருக்கவே மாட்டார். விளையாட்டில் அடுப்புப் புகையால் யாரும் சாவதில்லை, இங்கே சாகிறார்கள்.

துணியில் இரண்டு விஷயம். அடுக்கடுக்காகப் போடுங்கள், உள்ளே கம்பளி, வெளியே காற்றைத் தடுப்பது. பனியில் நடந்தால் துணி நனையும். நனைந்த துணி கனமாகும், சூடு தராது, பிறகு அதுவே உறைந்துபோகும். வீட்டுக்குள் வந்ததும் கழற்றி அடுப்புப் பக்கம் தரையில் போடுங்கள், உடம்பில் இருப்பதைவிட வேகமாகக் காயும். மழைக்காலத்தில் என் அம்மா ஸ்வெட்டரையும் குல்லாவையும் விறகடுப்புக்கு மேல் கயிற்றில் தொங்கவிடுவதை நாற்பது வருடமாகச் செய்கிறார். எனக்குத்தான் இதைக் கற்றுக்கொள்ள ஒரு விளையாட்டு தேவைப்பட்டது. ஜன்னல் திரை, படுக்கை விரிப்பை எல்லாம் கிழித்துத் துணியாக்கி, தையல் பெட்டி கிடைத்ததும் கிழிசலைத் தையுங்கள். ஏரியின் ஓரங்களில் பனிக்கட்டி மெலிசாக இருக்கும் இடங்கள் உண்டு. காலடியில் விரிசல் சத்தம் கேட்டால் உடனே வந்த வழியே திரும்புங்கள். அறுபது நாளைத் தாண்டிய என் நல்ல ஆட்டம் ஒன்று அப்படி உள்ளே விழுந்து, உச்சி முதல் பாதம் வரை நனைந்து, கரையேறி நூறு அடி நடப்பதற்குள் முடிந்துபோனது. அன்று ராத்திரி நான் யாரோடும் பேசவில்லை.

ஓநாயைக் கண்டால் ஓடாதீர்கள். ஃபேக்டரியிலிருந்து இரவில் நடந்து வரும்போது தேயிலைக்குள் கரடியோ காட்டெருமையோ நின்றால் எங்களுக்கும் பெரியவர்கள் அதைத்தான் சொல்வார்கள். எரிகிற தீவட்டியைக் கையில் பிடித்தபடி, ஓநாயைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகருங்கள். பையில் பச்சை இறைச்சி இருந்தால் அந்த வாடைக்கே ஓநாய் தேடி வரும். நெருங்கிவிட்டால் ஒரு துண்டைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள், பெரும்பாலும் அதோடு போய்விடும். கடித்துவிட்டால் முதலில் கட்டுப்போட்டு ரத்தத்தை நிறுத்தி, பிறகு காயத்துக்கு மருந்து. மருந்து இல்லையென்றால் மரத்தில் நரைத்த தாடிபோலத் தொங்கும் ஒரு பாசியைப் பறித்துக் கட்டலாம். நம் சோலைக்காட்டு மரங்களிலும் அந்த ஜாதிப் பாசி தொங்குகிறது. திரையில் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அங்கே இருக்கும் கரடியிடம் மட்டும் எந்த வீரமும் வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பெரிய வித்தை இல்லை. முயலைக் கல்லால் அடித்தால் மயங்கும், ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். ஏரிக்கரையில் நிற்கும் சம்புத் தண்டு 150 கலோரி தரும், கெடாது, வாடையும் கிடையாது. அதன் தலைப்பூ நெருப்பு மூட்ட உதவும். ஓநாய், கரடி இறைச்சி முதல் நாட்களில் வேண்டாம், வயிற்றில் பூச்சி பிடிக்கும். மூன்று நாள் பட்டினி இல்லாமல் ஓட்டினால் கூடுதலாக 5 கிலோ சுமக்கும் தெம்பு வரும்.

சுமைக்கு 30 கிலோதான் அளவு. அதற்கு மேல் தூக்கிச் சரிவில் இறங்கினால் கணுக்கால் பிசகும். இலை மூட்டையோடு இந்தச் சரிவில் தினமும் ஏறுகிறவர்களைப் பார்த்து வளர்ந்ததால் நான் அதை நம்பாமல் மூன்று தடவை பிசகிக்கொண்டேன். சுத்தியல் இரண்டு, கத்தி மூன்று என்று சேர்க்காமல் கேம்ப் ஆஃபீஸ் பெட்டியில் வைத்துவிட்டுப் போங்கள், யாரும் திருட வரமாட்டார்கள். அதற்காக அங்கேயே பல நாள் அடைந்தும் கிடக்கக் கூடாது. ஒரு கட்டத்துக்கு மேல் வீட்டுக்குள் தூக்கமே வராத நோய் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. சில இரவுகளில் வானத்தில் பச்சை வெளிச்சம் திரைபோல ஆடும். செத்துக் கிடந்த விளக்குகள் எரியும், ரேடியோ கரகரக்கும். 2019 ஆகஸ்ட்டில் எங்கள் நீலகிரியில் இருக்கும் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிய வாரத்தில் எங்கள் தெரு மூன்று நாள் இருட்டில் கிடந்தது. பல்பு எரிந்ததும் தெருவே கத்தியது. அந்தப் பழக்கத்தில் விளையாட்டிலும் விளக்கு எரிந்ததைப் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினேன். அந்த வெளிச்சத்தில் ஓநாய்களுக்கு வெறி ஏறியிருக்கும், தீவட்டிக்கும் பயப்படாது. அங்கே கரண்ட் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே படுங்கள்.