புழுக்கருவின் உட்கருக்களைக் கணினியால் கண்டறிந்து பின்தொடரும் முறை

தானியங்கிப் படப் பகுப்பாய்வைப் பழகத் தொடங்குவோர் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் உருளைப்புழுவின் கருவிலிருந்து தொடங்குவது நல்லது. ஏறத்தாழ 50 மைக்ரான் நீளமே உள்ள இக்கருவில் எந்தச் செல்லிலிருந்து எது பிறக்கிறது என்பதை ஜான் சல்ஸ்டன் குழுவினர் நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்தே வரைந்து 1983இல் வெளியிட்டுவிட்டதால், கணினியின் விடையைத் திருத்த நம்பகமான விடைத்தாள் ஏற்கெனவே இருக்கிறது.

உட்கருவில் டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதமான ஹிஸ்டோனுடன் பச்சை ஒளிர்புரதம் இணைந்த புழு வகையைத் தேர்ந்தெடுங்கள். அதில் உட்கருக்கள் மட்டுமே பளிச்செனத் தெரியும். இரு செல் நிலைக் கருவை அகரோஸ் என்னும் கூழ்மத் திண்டின்மேல் வைத்து, லேசர் ஒளியால் ஒவ்வோர் ஆழத்தையும் தனித் தளமாகப் படமெடுக்கும் கன்ஃபோக்கல் நுண்ணோக்கியில் 1 மைக்ரான் இடைவெளியில் ஏறத்தாழ 30 தளங்களாக, நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுங்கள். அந்த இரு செல்களில் ஒன்றான ஏபி பிரிந்து ஏறத்தாழ 2 நிமிடங்களிலேயே மற்றதான பி1 செல்லும் பிரிந்துவிடுவதால், 3 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்தால் மூன்று செல் நிலை பதிவாகாமலே போகக்கூடும். அதற்காக லேசரைக் கூட்டிவிடவும் கூடாது. ஒளி மிகுந்தால் பிரிவு தாமதப்படும் என்பதால், அதே வெப்பநிலையில் லேசர் படாத இன்னொரு கருவையும் வளரவிட்டு, இரண்டின் வேகத்தையும் ஒப்பிடுங்கள்.

இப்பணிக்கென்றே உருவாக்கப்பட்டு 2006இல் வெளியான ஸ்டாரிநைட் மென்பொருளையோ, பொதுப் பயன்பாட்டுக்கான ஸ்டார்டிஸ்டையோ பயன்படுத்தலாம். எதுவானாலும், பிக்சலின் அளவையும் தளங்களின் இடைவெளியையும் மைக்ரானில் சரியாகக் குறிப்பிடாவிட்டால், ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் இரு உட்கருக்கள் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு பிரிவுக்கும் பின் உட்கருக்கள் சிறுத்துக்கொண்டே போவதால், எதிர்பார்க்கும் விட்டத்தையும் அதற்கேற்பக் குறைத்துத் தர வேண்டும்.

புதியவர்களைப் பெரிதும் ஏமாற்றுபவை துருவ உடல்கள், அதாவது முட்டைச் செல் உருவாகும் பிரிவுகளில் ஒதுக்கப்படும் சிறு செல்கள். அவற்றிலும் ஹிஸ்டோன் இருப்பதால், கருவின் முன்முனை அருகே அவை சிறு பொட்டுகளாக ஒளிரும். மென்பொருளோ தயங்காமல் அவற்றையும் செல்லாக எண்ணிவிடும். பிரியாமல், இடமும் அதிகம் மாறாமல் நிற்கும் அப்பொட்டுகளைக் கையால் நீக்குங்கள்.

திருத்தத்தை எப்போதும் தொடக்கப் படத்திலிருந்தே செய்யுங்கள். நான்கு செல் நிலையில் இரண்டு செல்களின் பெயர் இடம்மாறினால் அவற்றின் வழித்தோன்றல்கள் அனைத்தும் தவறாகிவிடும். கடைசிப் படத்தில் நேரும் பிழையோ அங்கேயே நின்றுவிடும். ஒரு பிரிவு சல்ஸ்டன் வரைபடத்தோடு பொருந்தாதபோது, புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணுமுன் அந்த நிமிடத்தின் மூலப் படத்தை ஒவ்வொரு தளமாகத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஆழமான தளம் ஒன்றில் மங்கிப்போன உட்கரு ஒன்று அங்கே விடுபட்டிருக்கும்.